பிரதி இருக்கிறது, திறக்க அனுமதி இல்லை

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 29ஆம் திகதி காலை ஏழரை மணியளவில், பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அருகேயுள்ள மீரியபெத்த தோட்டத்தின் மீது மலை சரிந்து விழுந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவர்களும் வீட்டிலிருந்த முதியவர்களும் அகப்பட்டுக்கொண்டார்கள். பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினார்கள். அவர்களில் சிலர் திரும்பி வந்தபோது பெற்றோரும் இல்லை, வீடும் இல்லை.

அன்று எத்தனை பேர் மண்ணுக்குள் போனார்கள் என்பதைக்கூட உடனே சொல்ல முடியவில்லை. முதல் நாட்களில் நூற்றுக்கணக்கானோர் என்றார்கள். பிறகு அந்தத் தொகை குறைந்து குறைந்து சில பத்துகளாக நின்றது. அந்த மலை ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆனால் போவதற்கு மாற்றிடம் இல்லாத மக்கள் அங்கேயே இருந்தார்கள்.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து முடித்து வந்த புதிது. பாடசாலைகளில் தங்கவைக்கப்பட்டிருந்த குடும்பங்களின் பெயர்களை எழுதுவதற்காகத் தொண்டராகப் போனேன். முதல் இரண்டு நாளும் பெண்கள் கேட்டதெல்லாம் ஆட்களைப் பற்றித்தான். மூன்றாம் நாள் ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"மிஸ், ஐடென்டிகாட்டு, பொறப்பு சேட்டிபிகட்டு எல்லாமே மண்ணுக்குள்ள போயிருச்சு. இனி நாங்க யாருன்னு எதக் காட்டிச் சொல்றது?"

சகோதரிகளே, இந்தக் கேள்வி உங்களுக்குப் புதிதல்ல. 2009இல் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியேறிய பெண்களில் எத்தனையோ பேர் நகையை விட்டார்கள், பாத்திரத்தை விட்டார்கள், பத்திரங்கள் இருந்த பையை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்கள். அதையும் தண்ணீரிலும் நெருப்பிலும் இழந்தவர்கள் பலர். மலையகத்துப் பெண்களுக்கும் பத்திரத்தின் பெறுமதி தெரியும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்கள் நாங்கள். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் எங்களில் யார் போவது, யார் இருப்பது என்று கணக்குப் போட்டது. எஞ்சியவர்களுக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஒரு துண்டுக் கடதாசி இல்லாததால் மூன்று தலைமுறை தவித்த சமூகம் இது.

அதனால்தான் நாங்கள் சில பேர் சேர்ந்து பெண்களின் பத்திரங்களைப் பிரதியெடுத்து வைக்கத் தொடங்கினோம். அந்தப் பிரதிகள் இருந்தும் திறக்க முடியாமல் நின்ற ஒரு வாரத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

ஒரு சிறிய கறுப்புப் பெட்டி

எங்களிடம் இருந்தது பழைய கணனி ஒன்றும் ஸ்கேன் இயந்திரம் ஒன்றும்தான். பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள், ஊழியர் சேமலாப நிதி இலக்கம் உள்ள கடிதங்கள், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகள் என்று கிடைத்ததையெல்லாம் ஸ்கேன் செய்தோம். எல்லாவற்றையும் எக்ஸ்டேர்னல் ஹார்ட் டிஸ்க் என்று கடைகளில் சொல்லும் வெளி வன்தட்டு ஒன்றில் போட்டு வைத்தோம். உள்ளங்கை அளவான கறுப்புப் பெட்டி. கணனிக்கு ஏதாவது நடந்தாலும் இது இருக்கும் என்று நிம்மதியாக இருந்தோம்.

ஸ்கேன் பிரதி அசலுக்கு ஈடாகாது என்பது உண்மை. பிரதேச செயலகத்தில் அதை ஏற்கமாட்டார்கள். ஆனால் அதில் பதிவு இலக்கமும் திகதியும் பதிவாளர் பிரிவும் இருக்கும். அந்த மூன்றும் கையில் இருந்தால் புதிய பிரதி எடுப்பது சுலபம். இல்லாவிட்டால் பழைய பதிவேடுகளைப் புரட்டித் தேடச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்கும். கூலி விட்டு பஸ்ஸில் வரும் ஒரு பெண்ணுக்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் சம்பளம்.

விண்டோஸ் 10 என்ற கணனி மென்பொருளுக்கு வழங்கிவந்த பாதுகாப்பு உதவி 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்தப்பட்டது. பல அலுவலகங்கள் அதையொட்டிக் கணனிகளை மாற்றின. எங்கள் பழைய கணனியோ அதற்கு முன்பே படுத்துவிட்டது. யாரோ அதைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டார்கள். "ஹார்ட் டிஸ்க்தான் இருக்கிறதே" என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

பிறகு நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை வந்தது. பதுளை மாவட்டம் உட்பட மலைநாடெங்கும் மண்சரிவுகள். மறுபடியும் பாடசாலைகளில் குடும்பங்கள், மறுபடியும் நனைந்த பைகள். பத்திரங்களை இழந்தவர்களில் எனக்குப் பழக்கமான ஓர் அக்காவும் இருந்தார். அவரை யாரும் அடையாளம் காணாதிருக்கச் சில விபரங்களை மாற்றி எழுதுகிறேன்.

அக்காவின் குடும்பம் 1983 வன்செயலுக்குப் பிறகு ஊவாவை விட்டு வன்னிக்குப் போனது. அங்கேயே வளர்ந்து, அங்கேயே கலியாணம் கட்டினார். 2009இல் ஷெல் வீச்சில் கணவரை இழந்தார். கைக்குழந்தையுடன் முகாமில் இருந்துவிட்டு, கொஸ்லந்தைப் பக்கம் இருந்த தாய்மாமன் வீட்டுக்குத் திரும்பி வந்தார். யுத்தத்தில் இறந்தவர்களின் மரணத்தைப் பதிவதற்கென 2010இல் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் ஒன்று வந்ததே, அதன் கீழ் அலைந்து திரிந்து கணவரின் மரணச் சான்றிதழைப் பெற்றார். கணவரின் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் யாரோ ஒருவருடைய கலியாண அல்பத்தில் ஓரமாக நின்ற படம். அதையும் நாங்கள் ஸ்கேன் செய்து வைத்திருந்தோம். இந்த முறை அசல்கள் எல்லாம் போய்விட்டன.

"மிஸ்கிட்டதான் கொப்பி இருக்கே, அத வச்சு எடுத்துக்கலாம்னு மனசத் தேத்திக்கிட்டேன்" என்றார் அக்கா.

அடுத்த நாள் புதிய கணனியில் வன்தட்டைப் பொருத்தினேன். கோப்புறைகள் வரிசையாகத் தெரிந்தன. அக்காவின் பெயருள்ள கோப்புறையைத் திறந்தேன். 'அக்செஸ் டினைட்' என்றது கணனி. அதாவது, உங்களுக்கு அனுமதி இல்லை.

"போர்மட் பண்ணினா சரி மிஸ்"

நகரத்தில் ஒரு கணனிக் கடைக்கு எடுத்துப்போனேன். கவுண்டரில் இருந்த தம்பி இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "போர்மட் பண்ணினா சரியாகிடும் மிஸ்" என்றார். போர்மட் என்றால் என்ன என்று கேட்டேன். "டிஸ்க் புதுசு மாதிரி ஆகிடும்" என்றார். உள்ளே இருப்பது என்னவாகும் என்று கேட்டபோதுதான், "அது போயிடும். வேணுமா அது?" என்றார்.

அந்தத் தம்பியில் குறை சொல்லவில்லை. அவர் பார்த்தது ஒரு பழுதான டிஸ்க். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் நான் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் தலையாட்டியிருந்தால், அக்காவின் கணவர் இரண்டாம் முறையும் இல்லாமல் போயிருப்பார்.

வன்தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினேன். ஒரு பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் கற்பிக்கும் சிநேகிதி சனிக்கிழமை வீட்டுக்கு வந்தார். பார்த்தவுடன் சொன்னார்: "டிஸ்க்கில் பழுது ஒன்றும் இல்லை. இது பூட்டும் இல்லை. இந்தக் கோப்புகளுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். அது நீங்கள் இல்லை."

கோப்புக்கும் ஒரு சொந்தக்காரர்

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மொழியில் சொல்கிறேன்.

விண்டோஸ் கணனியில் பயன்படும் வன்தட்டுகளில் பல, என்டிஎப்எஸ் என்ற முறையில் ஒழுங்குபடுத்தப்பட்டவை. இந்த முறையில் ஒவ்வொரு கோப்போடும் ஒரு சிறிய குறிப்பு சேர்ந்தே இருக்கும். இதன் சொந்தக்காரர் யார், யார் வாசிக்கலாம், யார் மாற்றலாம், யார் அழிக்கலாம் என்பதே அந்தக் குறிப்பு. ஆனால் கணனி ஆட்களைப் பெயரால் அறிவதில்லை. ஒவ்வொரு பயனர் கணக்கையும் ஒரு நீண்ட இலக்கத்தால்தான் அறியும். பழைய கணனியில் இருந்த அதே பெயரிலேயே புதிய கணனியில் கணக்குத் திறந்தாலும், இலக்கம் வேறு. ஆகவே கோப்புக்கு நீங்கள் அந்நியர்.

எங்கள் பழைய கணனியில் முழு அதிகாரமுள்ள கணக்கு ஒன்றுதான் இருந்தது. அது ஒரு திட்ட உத்தியோகத்தரின் பெயரில் இருந்தது. அவர் நல்லவர், வேலை தெரிந்தவர். ஆனால் வெளிநாடு போய்ச் சில வருடங்களாகிவிட்டன. ஸ்கேன் செய்தவர்கள் நாங்கள், பத்திரங்கள் பெண்களுடையவை, உரிமை மட்டும் அவருடைய கணக்கில். யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. கணனி என்றால் ஆண்பிள்ளை பார்த்துக்கொள்வார் என்று நாங்கள் ஒதுங்கி நின்றதால் வந்தது. குடும்பத் தலைவர் பெயரில் மட்டும் காணி எழுதப்படும்போது கேள்வி கேட்கிற நாங்கள், இதைக் கவனிக்கவே இல்லை.

திறந்த விதம்

இதே பிரச்சினை உங்கள் சங்கத்திலும் மகளின் கணனியிலும் வரலாம். நாங்கள் செய்ததை வரிசையாகத் தருகிறேன். கணனி தெரிந்த ஒரு பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை வாசித்துக் காட்டினாலும் போதும்.

முதலாவது, கணனியில் முழு அதிகாரமுள்ள, அதாவது அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் உள்நுழைய வேண்டும். சாதாரணக் கணக்கால் இதைச் செய்ய முடியாது.

இரண்டாவது, கோப்புறையை இருமுறை சொடுக்குங்கள். பல வேளைகளில் கணனியே, "இப்போது அனுமதி இல்லை, நிரந்தரமாக அனுமதி பெற 'கன்டினியூ' என்பதை அழுத்துக" என்று கேட்கும். அழுத்திவிட்டுக் காத்திருங்கள். கோப்புகள் அதிகமென்றால் நேரம் எடுக்கும். பாதியில் வயரைக் கழற்றக்கூடாது. பலருக்குப் பிரச்சினை இதோடு முடிந்துவிடும்.

மூன்றாவது, அப்படியும் திறக்காவிட்டால், கோப்புறையின் மேல் வலது பொத்தானை அழுத்தி 'புரொபர்ட்டீஸ்' செல்லுங்கள். அதில் 'செக்யூரிட்டி', அதற்குள் 'அட்வான்ஸ்ட்'. மேலே 'ஓனர்' என்று இருக்கும். பழைய கணனியின் ஆள் என்றால் அங்கே பெயருக்குப் பதிலாக 'எஸ்-1-5-21' என்று தொடங்கும் நீண்ட இலக்கம் தெரியலாம். அதைக் கண்டால் பயப்படவேண்டாம், நோய் எதுவென்று தெரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் உள்ள 'சேஞ்ச்' என்பதை அழுத்தி, உங்கள் கணக்கின் பெயரை எழுதி, 'செக் நேம்ஸ்' கொடுத்து, 'ஓகே' சொல்லுங்கள். உடனே கீழே ஒரு சிறிய பெட்டி தோன்றும். உள்ளே இருக்கும் கோப்புறைகளுக்கும் கோப்புகளுக்கும் சொந்தக்காரரை மாற்றவா என்று அது கேட்கும். அதில் சரி அடையாளம் இட்டு 'அப்ளை' கொடுங்கள்.

நான்காவது, சொந்தக்காரர் ஆனாலும் வாசிக்கும் அனுமதி தனியாக வேண்டும். ஜன்னலை மூடி மீண்டும் அதே இடத்துக்கு வந்து, 'அட்' என்பதை அழுத்தி உங்கள் பெயரைச் சேர்த்து அனுமதி கொடுங்கள். பிரதி எடுப்பதுதான் நோக்கமென்றால் வாசிக்கும் அனுமதியே போதும்.

ஐந்தாவது, திறந்தவுடன் செய்யவேண்டிய முதல் வேலை, எல்லாவற்றையும் வேறொரு வன்தட்டில் பிரதி எடுப்பது. அடுக்கி ஒழுங்குபடுத்துவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இதையெல்லாம் வெளி வன்தட்டிலுள்ள உங்கள் கோப்புறைகளில் மட்டும் செய்யுங்கள். கணனிக்குள்ளேயே உள்ள 'சீ' என்ற பகுதியில் செய்தால் கணனியே ஏறுமாறாக நடக்கத் தொடங்கலாம். இன்னொருவருடைய வன்தட்டென்றால் அவரைக் கேட்காமல் கைவைக்கக்கூடாது.

எல்லாம் அனுமதிப் பிரச்சினை அல்ல

திறக்கவில்லை என்றால் காரணம் ஒன்றல்ல. எது என்று அறிந்தபின்தான் மருந்து.

வன்தட்டைப் பொருத்தியதும் "பயன்படுத்துமுன் போர்மட் செய்யவேண்டும்" என்று கணனி கேட்டால் உடனே இல்லை என்று சொல்லுங்கள். அது அப்பிள் கணனியில் ஒழுங்குபடுத்திய வன்தட்டாக இருக்கலாம். அல்லது ஒழுங்குமுறை சிதைந்திருக்கலாம். இரண்டிலும் உள்ளே இருப்பதை மீட்க வழி இருக்கலாம். போர்மட் செய்தால் அந்த வாய்ப்புக் குறைந்துவிடும்.

வன்தட்டிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால், அது உடல் நோய். மறுபடி மறுபடி பொருத்திப் பார்க்க வேண்டாம். கழற்றி வைத்துவிட்டு, தரவு மீட்புத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

வாசிக்க முடிகிறது, ஆனால் புதிதாக எதையும் போட முடியவில்லை என்றால், அப்பிள் கணனியில் விண்டோஸ் வன்தட்டைப் பொருத்தியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அப்பிள் கணனி என்டிஎப்எஸ் வன்தட்டை வாசிக்கும், தானாக எழுதாது.

48 இலக்கத் திறவுகோல் கேட்டால் அது பிட்லொக்கர் என்ற உண்மையான பூட்டு. புதிய மடிகணனிகள் சிலவற்றில் அது தானாகவே போடப்பட்டிருக்கும். திறவுகோல், அந்தக் கணனியில் பயன்படுத்திய மைக்ரோசொப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கலாம். இல்லையென்றால் யார் வந்தாலும் திறக்க முடியாது.

கடைசியாக ஒன்று. கோப்பு ஒவ்வொன்றையும் தனித்தனியே மறைகுறியாக்கும் வசதி விண்டோஸில் உண்டு. அப்படிச் செய்த கோப்பைத் திறக்கும் சாவி பழைய கணனிக்குள்ளேயே இருக்கும். சொந்தக்காரரை மாற்றுவதால் அது திறக்காது. இதை நாங்கள் அறிந்துகொண்டது இழந்த பிறகுதான்.

கிடைத்ததும் கிடைக்காததும்

சனிக்கிழமை மாலை அக்காவின் கோப்புறை திறந்தது. மரணச் சான்றிதழின் இலக்கமும் திகதியும் பிரிவும் தெளிவாக இருந்தன. படமும் இருந்தது. கலியாணக் கூட்டத்தில் ஓரமாக, வெள்ளைச் சட்டையோடு, கமராவைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதர். தொலைபேசியில் சொன்னபோது அக்கா பேசவில்லை. சற்று நேரம் கழித்து, "மகளுக்குக் காட்டணும் மிஸ், அவளுக்கு மொகமே ஞாபகமில்ல" என்றார்.

மற்றக் கோப்புறைகளும் திறந்தன. ஒன்றைத் தவிர. 2014இல் மீரியபெத்தவிலிருந்து வந்த பெண்கள் எங்களிடம் சொன்னவற்றை எழுதியும் குரலில் பதிந்தும் வைத்திருந்த கோப்புறை அது. பாதுகாப்புக் கருதி அந்த உத்தியோகத்தர் அதை மறைகுறியாக்கியிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். ஆனால் சாவி பழைய கணனியில் இருந்தது. பழைய கணனி இரும்புக்காரரிடம் போய்விட்டது. அந்தச் சாவியை ஒரு தனிக் கோப்பாகச் சேமித்து வைத்திருக்கலாம் என்று இப்போது தெரிகிறது.

இதை அந்தப் பெண்களிடம் சொல்லவேண்டியிருந்தது. மீரியபெத்த குடும்பங்கள் ஏறக்குறைய இரண்டு வருடம் தற்காலிக இடங்களில் இருந்தன. 2016 ஒக்டோபரில் மக்கல்தெனியவில் 75 வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்டன. அங்கு போய், தேநீர் குடித்து முடியும்வரை எனக்கு வாய் வரவில்லை. பிறகு சொன்னேன். நீங்கள் நம்பிச் சொன்னதைக் காப்பாற்றத் தெரியாமல் விட்டுவிட்டோம் என்று சொன்னேன்.

ஒருவர் அழுதார். ஒருவர், "அதெல்லாம் யாரு கேட்டாங்க, போனா போவுது" என்று எழுந்து போனார். மகனை மண்ணுக்குக் கொடுத்த ஒரு அம்மா மட்டும் நெடுநேரம் இருந்துவிட்டுச் சொன்னார்:

"சொன்னத மறுபடியும் சொல்றேம்மா, எழுதிக்கிங்க. ஆனா இந்த வாட்டி ஒரு கொப்பி எங்கிட்டயும் குடுங்க."

பத்து வருடத்துக்கும் மேலாக சமூக வேலை செய்கிறேன். பயிற்சிப் பட்டறைகளில் தகவல் உரிமை, பங்கேற்பு என்றெல்லாம் பேசியிருக்கிறேன். ஆனால் அந்தக் கதைகளின் ஒரு பிரதியைச் சொன்னவரிடமே கொடுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

திறந்தே கிடந்தாலும் ஆபத்துத்தான்

அப்படியானால் எல்லாவற்றையும் யாரும் திறக்கும்படி வைத்துவிடலாமா? கூடாது. எங்கள் வன்தட்டுகளில் பத்திரங்கள் மட்டும் இல்லை. வீட்டு வன்முறை முறைப்பாடுகள் இருக்கின்றன. காணாமல் போன பிள்ளையைப் பற்றி ஒரு தாய் சொன்னவை இருக்கின்றன. வெளியே தெரிந்தால் ஒரு பெண்ணின் வாழ்க்கையையே குலைக்கக்கூடிய படங்கள் இருக்கலாம். யுத்தத்தைக் கடந்து வந்த உங்களுக்கு, யார் கையில் எந்தப் பட்டியல் போனால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். 'அனுமதி இல்லை' என்று கணனி சொல்வது பாதுகாப்பு அல்ல. நாங்கள் ஒரு பின்னேரத்தில் சொந்தக்காரரை மாற்றியதுபோல, வன்தட்டைத் திருடியவரும் மாற்றலாம். லினக்ஸ் என்ற வேறொரு மென்பொருளால் கணனியை இயக்கினால் அந்த அனுமதிக் குறிப்பைப் பொருட்படுத்தாமலே வாசித்துவிடலாம். ஆகவே அது உரியவரைத் தடுக்கும், களவெடுப்பவரைத் தடுக்காது.

அதனால் நாங்கள் இப்போது பத்திரங்களையும் அந்தரங்கங்களையும் வெவ்வேறு வன்தட்டுகளில் வைக்கிறோம்.

பத்திரப் பிரதிகள் உள்ள வன்தட்டை எக்ஸ்பாட் என்ற முறையில் ஒழுங்குபடுத்தினோம். இதில் சொந்தக்காரர் குறிப்பே இல்லை. விண்டோஸ், அப்பிள் இரண்டிலும் திறக்கும், எழுதும். ஆனால் ஒழுங்குமுறையை மாற்றும்போது உள்ளிருப்பது எல்லாம் அழிந்துவிடும் என்பதால், வெறுமையான புதிய வன்தட்டில் மட்டுமே இதைச் செய்யவேண்டும். யாரும் திறக்கக்கூடியது என்பதால் அதை அலுமாரியில் பூட்டி வைக்கிறோம். இன்னொரு பிரதி வேறோர் ஊரில் இருக்கிறது. மலை சரிந்தால் ஒரே ஊரிலுள்ள இரண்டு பிரதிகளும் ஒன்றாகத்தான் போகும்.

முறைப்பாடுகளும் வாக்குமூலங்களும் உள்ள வன்தட்டுக்குக் கடவுச்சொல் போட்டு உண்மையான பூட்டு இட்டோம். அதற்கு வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கடவுச்சொல் இரண்டு பெண்களுக்குத் தெரியும். கடதாசியில் எழுதி, உறையில் ஒட்டி, இரண்டு இடங்களில் வைத்திருக்கிறோம். ஒருவர் வேலையை விட்டுப் போனால் கடவுச்சொல்லை மாற்றுகிறோம். ஒருவருடைய தலைக்குள் மட்டும் சாவி இருப்பதும், ஊர் முழுவதற்கும் சாவி இருப்பதும் இரண்டுமே ஆபத்து.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, வன்தட்டை அதைத் தயாரிக்காத வேறொரு கணனியில் போட்டுத் திறந்து பார்க்கிறோம். பிரதி இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பது வேறு, திறந்து வாசிப்பது வேறு.

உங்கள் பங்கு

கணனி இல்லாத சகோதரிகளும் இதில் செய்யக்கூடியது உண்டு. உங்கள் பத்திரங்களையும் கதையையும் எந்த அமைப்பாவது பிரதி எடுத்தால் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இதை எங்கே வைப்பீர்கள்? யார் யார் திறக்கலாம்? நீங்கள் இந்த வேலையை விட்டுப் போனால் யார் திறப்பார்கள்? எனக்கு ஒரு பிரதி எப்போது தருவீர்கள்? இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென்று இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது.

இன்னொன்று. ஒரு சிறிய கொப்பியில் உங்கள் கையாலேயே, அல்லது பிள்ளையைக் கொண்டு, வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பிறப்புச் சான்றிதழ் இலக்கம், திகதி, பதிவாளர் பிரிவு, அடையாள அட்டை இலக்கம், சேமலாப நிதி இலக்கம் ஆகியவற்றை எழுதுங்கள். அதைப் பொலித்தீனில் சுற்றி வையுங்கள். அதே விபரத்தின் ஒரு பிரதியை வேறு ஊரிலுள்ள உங்கள் சகோதரியிடம் கொடுங்கள். அந்தக் கொப்பியைத் திறக்க எந்தக் கணனியின் அனுமதியும் தேவையில்லை.

அக்கா புதிய மரணச் சான்றிதழ்ப் பிரதிக்கு விண்ணப்பித்துவிட்டார். படத்தைப் பெரிதாக அச்சிட்டு லமினேட் செய்து கொடுத்தோம். மக்கல்தெனியவில் அந்த அம்மாவிடம் சென்ற மாதம் போய் உட்கார்ந்து மறுபடி எழுதினேன். இரண்டு பின்னேரம் எடுத்தது. முன்பு சொன்ன சில விடயங்களை இப்போது அவர் சொல்லவில்லை. முன்பு சொல்லாத சிலவற்றைச் சொன்னார். எழுதி முடித்து, அவருக்கு வாசித்துக் காட்டி, அச்சிட்டு ஒரு பிரதியைக் கையில் கொடுத்தேன்.

அவருக்கு வாசிக்கத் தெரியாது. வாங்கி, இரண்டாய் மடித்து, சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்தார். பேத்தி பெரிய வகுப்புக்குப் போனதும் வாசித்துக் காட்டுவாள் என்றார்.